மூன்று சக்கரத்தின்மேல் ஒரு வீடு

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி செல்வோர், முற்காலத்தில் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுவர். சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்திலிருந்தும் அவ்வாறே கூண்டு வண்டிகள் போவதுண்டு. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம். வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு. பின்புறம் குடமும் சட்டியும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் மாட்டை அவிழ்த்து, மூன்று கல்லைக் கூட்டி உலையேற்றிவிட்டால் அதுவே அன்றைய இல்லம்.

இன்று அவ்வூர்ச் சாலையில் காகிதக் கட்டுகளையும் அட்டைப் பெட்டிகளையும் சுமந்து செல்வன லோடு ஆட்டோக்களும், 2005-ஆம் ஆண்டில் வெளிவந்து ‘குட்டி யானை’ என்று பெயர் பெற்ற டாட்டா ஏஸ் வண்டிகளுமேயாம். இத்தகைய சிறு வண்டியொன்றின்மேல், இருவர் தங்கிச் செல்லத்தக்க ஒரு கூடத்தை அமைத்தல் இயலுமோ? இயலுமெனின், அதற்கு எவ்வெவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

இன்பச் சுற்றுலாவிற்கெனவே செய்யப்பட்ட உருளும் வீடுகளுள் முற்பட்டதாகப் பலரும் கூறுவது, ஆங்கிலேயக் கடற்படையில் வைத்தியராயிருந்த கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885-இல் செய்வித்த ‘வாண்டரர்’ ஆகும். மஹாகனி மரத்தாலான அவ்வண்டி ஏறக்குறைய 2 டன் எடையுள்ளது. இரண்டு குதிரைகள் அதனை இழுத்தன. குறுகிய பாதைகளில் எதிர்வருவோரை எச்சரித்தற்பொருட்டு, அவருடைய பணியாள் மூன்று சக்கரச் சைக்கிளொன்றில் முன்னே சென்றானாம். அன்று வீட்டிற்கு முன்னோடியாய் ஓடிய மூன்று சக்கரம், பின்னொரு நாள் நம் தமிழ்நாட்டில் வீட்டையே சுமக்கப் போகின்றதென்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

அதனைச் செய்து காட்டியவர் நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு. சென்னையிலும் மும்பையிலும் குடிசைப் பகுதிகளைப் பார்வையிட்ட அவர், மக்கள் சில இலட்சங்களைச் செலவிட்டும் கழிப்பறையும் படுக்கையறையும் இல்லாத வீடுகளையே கட்டிக்கொள்வதைக் கண்டார். சிற்றிடத்தையும் செவ்வையாய்ப் பயன்படுத்தலாம் என்பதை மெய்ப்பிக்க, 2019-இல் ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவின்மேல் ‘சோலோ 01’ என்னும் வீட்டை எழுப்பினார். பரப்பு 36 சதுர அடி. அஃதாவது ஆறடிக்கு ஆறடி. அதற்குள்ளே படுக்கை, சமையலிடம், குளியல் தொட்டி, கழிப்பறை அனைத்தும் உண்டு. 250 லிட்டர் நீர்த்தொட்டியும் 600 வாட் சூரியத் தகடும் உண்டு. கூரைமேல் அமர இடமும் உண்டு. பெரும்பாலும் பழம்பொருள்களைக் கொண்டே செய்தமையால் செலவு ஏறக்குறைய ஒரு இலட்சம் ரூபாயோடு நின்றது. வீடு வண்டியோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்தமையால், வேண்டியபோது கழற்றிவிடலாம்.

இதனைக் கேட்டவுடன் நம் மாணவர் பலருக்கும் தாமும் ஒன்று செய்ய வேண்டும் என்னும் ஆவல் எழும். ஆயின் ரம்பத்தைக் கையிலெடுக்குமுன் தராசைக் கையிலெடுத்தல் நலம். அரை டன், அஃதாவது 500 கிலோ சுமக்கத்தக்க சரக்கு வண்டியொன்றை உதாரணமாகக் கொள்வோம். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆதலால் 250 லிட்டர் தொட்டி நிரம்பினால் சுமையிற் பாதி நீராகவே போயிற்று. பிரயாணிகள் இருவர்க்கு 120 கிலோ. எஞ்சுவது 130. கண்ணாடி பதித்த 600 வாட் தகடுகள் ஏறக்குறைய 40 கிலோவைக் கொள்ளும். மீதமுள்ள 90 கிலோவிற்குள் சுவர், கூரை, கட்டில், மின்கலம், அடுப்பு யாவும் அடங்கவேண்டும்! நிலைத்து வாழும் வீட்டிற்குப் பெரிய தொட்டி தகும். இரண்டு நாள் ஊர்சுற்றச் செல்வோர்க்கோ அது வீண்சுமை. இருவர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் போதும். வழியிலே குழாயும் கிணறும் இல்லாத ஊர் நம் நாட்டில் அரிது. 60 லிட்டரோடு நிறுத்தினால் 190 கிலோ ஒரேயடியாய்க் குறையும். வேறெந்தத் தந்திரத்தாலும் இத்தனை எடையை இத்தனை எளிதிற் குறைத்தல் இயலாது.

எடையின் அளவேயன்றி, அது நிற்கும் இடமும் முக்கியமானது. மூன்று சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் உண்டாகும். அதன் கூர்முனை முன்னே உள்ளது. வண்டி வளைவில் திரும்பும்போது சுமையின் விசை வெளிப்புறமாய்ச் சாய்ந்து, அம்முக்கோணத்தின் விளிம்பைத் தாண்டினால் வண்டி கவிழும். பளு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு விரைவில் தாண்டும். ஆகவே நீர்த்தொட்டியையும் மின்கலத்தையும் தரைத்தட்டின்மேலேயே, பின் அச்சிற்குச் சற்று முன்பாக வைத்தல் வேண்டும். அச்சுக்குப் பின்னே பளு மிகுந்தால் முன்சக்கரம் தரையை அழுத்தாது. திசை திருப்பும் பிடி தளர்ந்துபோம்.

இனிச் சுவர். இங்கே விஸ்வநத்தத்து மாணவன் பிறரைவிடப் பாக்கியசாலி. அவன் கற்க வேண்டிய பாடம் பட்டாசுப் பெட்டியிலேயே இருக்கின்றது. அப்பெட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால், இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலையலையாய் மடிந்த ஒரு தாளைக் காணலாம். மூன்றும் மெல்லியவையே, ஆயினும் பெட்டியின்மேற் பெட்டியாய் அடுக்கினாலும் எளிதில் நசுங்குவதில்லை. ஒரு பலகையின் கனம் இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே உறுதியான இரண்டு தோல்களை இலேசான நடுப்பொருளொன்றால் விலக்கி வைத்தால், எடை அதிகம் கூடாமலே விறைப்புப் பெருகும். நெளி அட்டைக்குப் பதிலாக மெல்லிய ஒட்டுப்பலகை அல்லது அலுமினியத் தகட்டின் நடுவே நுரைப்பலகையை ஒட்டிச் செய்வதே இலகுவான வண்டி வீடுகளின் சுவர். நுரை வெப்பத்தையும் தடுக்கும். சித்திரை வெயிலில் கரிசல் காட்டு வழியே செல்வோர்க்கு அதன் அருமை தெரியும்.

வெப்பத்தைப் பற்றி இன்னொரு சொல். 600 வாட் தகடுகள் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை யூனிட் மின்சாரம் தரும். விளக்கிற்கும் விசிறிக்கும் அது தாராளம். குளிர்சாதனமோ அதனை இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் விழுங்கிவிடும். ஆதலால் காற்றோட்டத்தையே நம்பவேண்டும். 1930-களில் அமெரிக்கர் செய்த நீர்த்துளி வடிவ இழுவண்டிகளில் உள்ளே படுக்கை மட்டுமே. பின்கதவைத் தூக்கினால் அதன்கீழ் அடுப்படி. உள்ளே உறங்கி வெளியே சமைத்தல் என்னும் அம்முறை நம் கூண்டு வண்டியின் முறையேயாகும். எனக்கு அதுவே உவப்பானது.

அடுப்பு வெளியே இருத்தற்கு வேறொரு காரணமும் உண்டு, அது உயிர்பற்றியது. சன்னலை அடைத்த சிறு கூண்டில் நெருப்பெரிந்தால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு சேர்ந்து, உறங்குவோரை உறக்கத்திலேயே கொண்டுபோகும். தீப்பற்றினாலோ ஓடுவதற்குச் சில வினாடிகளே உண்டு. பட்டாசுத் தொழிற்சாலைகளின் வேலையறைகளுக்கு எதிரெதிரே வாயில்கள் ஏன், கதவுகள் ஏன் வெளிப்புறமாகவே திறக்கின்றன என்பதை இப்பகுதியிற் பிறந்தோர்க்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதன் விலையைக் கொடுத்திருக்கின்றன. ஆறடிக் கூண்டிற்கும் இரண்டாவது வழியொன்று இருந்தே தீரவேண்டும். ஆள் நுழையத்தக்க சன்னலாயினும் ஆகுக.

சட்டமும் நோக்கத்தக்கது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவான வண்டியின் அமைப்பை நினைத்தபடி மாற்றுதல் கூடாது. 2021-இல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அருண் பிரபுவின் வண்டியைப் பாராட்டி, பொலேரோ பிக்கப் வண்டியின்மேல் இதனினும் சிறந்ததொன்றை வரைந்து தருவாரோ என்று பலரறியக் கேட்டார். நான்கு சக்கரமும் கூடுதல் சுமைத்திறனும் கிடைத்தால் மேற்சொன்ன கணக்குகள் பல எளிதாகும்.

அதுவரை காத்திராத மாணவன் செய்யத்தக்கது இது. வண்டியின் பதிவுச் சான்றை வாங்கி, வெற்று எடையையும் மொத்த எடையையும் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் விடுதித் தரையில் சுண்ணக்கட்டியால் ஆறடிச் சதுரமொன்று வரைந்து, தோழன் ஒருவனோடு அதற்குள்ளே ஓர் இரவு படுத்துப் பார்க்கட்டும்.