அயலார் மூவர் அளித்த விருந்து

ஒரு தெருவில் அடுத்தடுத்து வாழும் இரு குடும்பத்தார் கூடி ஒரு விருந்தை நடத்துதல் எளிதன்று. பந்தல் யார் முற்றத்தில் அமைவது, விருந்தினரை யார் வாயிலில் எதிர்கொள்வது என்பன போன்ற வினாக்கள் உடனே எழும். வீடுகளுக்கே இந்நிலையெனின் நாடுகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? ஆயினும், 2023 ஆம் ஆண்டில் டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய மூன்று அயல்நாடுகள் ஒருங்குகூடி மகளிர் உலகக் கைப்பந்தாட்டப் போட்டியை நடத்தின. அந்நிகழ்ச்சி பல வகையாலும் சிந்திக்கற்பாலது.

ஹான்ட்போல் எனப்படும் கைப்பந்தாட்டம், நம்மவர் நன்கறிந்த கரப்பந்தாட்டத்தினின்றும் வேறானது. 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் உடைய உள்ளரங்கில் அணிக்கு எழுவராக நின்று ஆடுவர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடத்தலும், மூன்று விநாடிக்கு மேல் வாளா நிற்றலும் கூடா. கோலைச் சூழ்ந்த 6 மீற்றர் எல்லைக்குள் கோற்காப்பாளர் மாத்திரமே நிற்கலாம். ஆதலின், தாக்குவோர் அவ்வெல்லைக்கு வெளியே காலூன்றி எழும்பி, அந்தரத்தில் நின்றபடியே பந்தை எறிவர். இவ்வாட்டத்திற்கு 1906 ஆம் ஆண்டில் விதிகள் வகுத்து வெளியிட்ட ஹோல்கர் நீல்சன் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர் என்பது ஆசிரியருலகம் மகிழ்தற்குரியது. 1917 இல் பேர்லினில் மக்ஸ் ஹைசர் வகுத்த விதிகளோ மகளிர் ஆடுதற்பொருட்டே அமைந்தன.

மகளிருக்கான முதல் உள்ளரங்க உலகப் போட்டி 1957 இல் யூகோசிலாவியாவில் நடைபெற்றது. 2021 முதல் 32 அணிகள் பங்குகொள்கின்றன. இத்துணைப் பெருங்கூட்டத்தைத் தனியொரு சிறுநாடு ஏற்றல் அரிது. டென்மார்க், நோர்வே, சுவீடன் மூன்றின் குடித்தொகையையும் கூட்டினும் ஏறக்குறைய 2 கோடியே 20 இலட்சமே ஆகும். எனவே சுமையைப் பகிர்தல் அறிவுடைமையாயிற்று. ஆனால் இவர்தம் பழைய வரலாறு பகையும் பிணக்கும் நிறைந்தது. டென்மார்க்கும் சுவீடனும் பன்முறை போரிட்டன; நோர்வே 1814 வரை டென்மார்க்கின் முடியாட்சிக்கும், பின்னர் 1905 வரை சுவீடனின் மன்னனுக்கும் உட்பட்டிருந்தது. அத்தகையோர் இன்று ஒரே பந்தலில் விருந்தோம்புதல் வியத்தற்குரியதன்றோ?

நவம்பர் 29 இல் தொடங்கிய ஆட்டங்கள் டென்மார்க்கின் ஹெர்னிங், பிரெடெரிக்ஸ்ஹாவன், நோர்வேயின் துரொண்ட்ஹைம், ஸ்டவாங்கர், சுவீடனின் கொத்தன்பேர்க், ஹெல்சிங்போர்க் ஆகிய நகரங்களில் நடைபெற்றன. தொடக்க ஆட்டங்களைப் பங்கிடலாம். இறுதியாட்டத்தைப் பங்கிடல் இயலாது. அஃது ஹெர்னிங்குக்கு உரியதாயிற்று. கூட்டு விருந்தின் உண்மையான சோதனை இவ்விடத்தேதான் உள்ளது: ஒருவர் பெறும் சிறப்பை ஏனையோர் மனமுவந்து விட்டுக்கொடுத்தல் வேண்டும்.

விருந்தளித்த மூவரும் அரையிறுதியை எய்தினர். அங்கு நோர்வே, டென்மார்க்கை அதன் சொந்த மண்ணிலேயே மேலதிக நேரத்தில் 29–28 என வென்றது. ஆயினும் டிசம்பர் 17 இல் நடந்த இறுதியாட்டத்தில் பிரான்சு நோர்வேயை 31–28 என வென்று கிண்ணத்தைக் கொண்டது. டென்மார்க் சுவீடனை 28–27 என வென்று மூன்றாமிடம் பெற்றது. விருந்திட்டோர் மூவரும் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களில் அமைய, முதலிடம் விருந்தினர்க்காயிற்று.

இத்தகைய கூட்டுறவு இடருற்றதும் உண்டு. 2020 இல் ஐரோப்பிய மகளிர் போட்டியை டென்மார்க்கும் நோர்வேயும் இணைந்து நடத்தவிருந்தன. கொரோனா நோய்த்தொற்றினால் நோர்வே நவம்பரில் விலகவே, டென்மார்க் முழுச் சுமையையும் தனித்தேற்று ஹெர்னிங், கோல்டிங் ஆகிய இரு நகரங்களில் அதனை நடத்தி முடித்தது. விருந்தளிக்க இயலாத நோர்வே விருந்தினராய்ச் சென்று, இறுதியில் பிரான்சை 22–20 என வென்றது. அயலான் தளர்ந்தவிடத்துத் தோள்கொடுத்தலே ஒப்புரவு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இம்முறைமையிற் குறைகளும் உள. அணிகள் நாடுவிட்டு நாடு செல்லும் அலைச்சல் மிகும். விருந்தளிக்கும் நாடுகள் தகுதிகாண் ஆட்டமின்றியே இடம்பெறுதலால் ஏனையோர்க்குரிய இடங்கள் சுருங்கும். எனினும் 2024 இல் ஒஸ்திரியா, ஹங்கேரி, சுவிற்சர்லாந்து ஆகியவை ஐரோப்பியப் போட்டியையும், 2025 இல் ஜேர்மனியும் நெதர்லாந்தும் உலகப் போட்டியையும் இவ்வாறே இணைந்து நடத்தின. ஆடுகளத்திற் கடுமையாக மோதுவோர் அதற்கு வெளியே சுமையைப் பகிர்ந்துகொள்ளல் கூடும் என்பதே இவை புகட்டும் பாடமாகும்.