இட்லியை விட்டால் தொப்பை விடுமா?

எங்கள் ஆபீஸில் இரண்டு கட்சிகள் உண்டு. நீங்கள் நினைக்கிற கட்சிகள் இல்லை. ஒன்று, ‘காலை டிபன் சாப்பிட்டே ஆகணும்’ கட்சி. இன்னொன்று, ‘டிபனை விட்டால்தான் உடம்பு இறங்கும்’ கட்சி. முன்னதற்கு அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் பலம் ஜாஸ்தி. பின்னதற்கு இளைஞர் அணி.

இளைஞர் அணியின் செயல்வீரருக்கு வயது 26. எடை 88. ஆவணியில் கல்யாணம். பெண் பார்க்கப் போன இடத்தில், “மாப்பிள்ளைக்கு ரெண்டு பேர் உட்கார்ற சோபாதான் தோதுப்படும்போல” என்று யாரோ ஒரு பெரியம்மா சொன்னது காதில் விழுந்துவிட்டது. மறுநாளே டிபன் கட். டிபன் கட்சிக்காரருக்கோ வயது 44. “சர்க்கரை வாசல் வரைக்கும் வந்து நிக்குது. ஏழெட்டு கிலோ குறைச்சீங்கன்னா உள்ளே வராம தள்ளிப்போடலாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் ஆடிப்போயிருக்கிறார். இரண்டு பெண் குழந்தைகள், இன்னும் பன்னிரண்டு வருஷம் பாக்கியுள்ள வீட்டுக் கடன். அவருக்கு எடை குறைவது போட்டோவுக்காக அல்ல.

இரண்டு பேரும் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். “நீங்கதான் எதையாவது படிச்சிட்டே இருக்கீங்களே ஸார். காலைல சாப்பிடணுமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க!”

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் இத்தனை பேர் இத்தனை வருஷம் அடித்துக்கொண்டிருப்பார்களா?

முதலில், காலைச் சாப்பாடுதான் நாளின் மகா முக்கியமான சாப்பாடு என்று நமக்கு யார் சொன்னது? அகத்தியரும் சொல்லவில்லை, திருமூலரும் சொல்லவில்லை. விஷயம் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து பேட்டில் கிரீக் என்ற ஊருக்குப் போகிறது. அங்கே ஜான் ஹார்வி கெல்லாக் என்று ஒரு டாக்டர் ஆரோக்கிய விடுதி நடத்தினார். ஆமாம், அதே கெல்லாக்தான்! 1894-ல் அவரும் தம்பி வில் கெல்லாக்கும் ஊசிப்போகிற நிலையில் இருந்த கோதுமை மாவை வீணாக்க மனசில்லாமல் உருளையில் கொடுத்து நசுக்க, அது தகடு தகடாக வந்து விழுந்தது. அதுதான் பிள்ளையார் சுழி. தம்பி 1906-ல் தனியாகக் கம்பெனி ஆரம்பித்து, அண்ணன் முகம் சுளிக்கச் சுளிக்கச் சர்க்கரையும் சேர்த்து விற்றார். பெயர் யாருக்குச் சொந்தம் என்று அண்ணன் தம்பி கோர்ட்டு வரை போனது தனிக் கதை. அந்த அண்ணன் ஆசிரியராக இருந்த ‘குட் ஹெல்த்’ பத்திரிகையில்தான் 1917-ல் லென்னா கூப்பர் என்ற உணவியல் நிபுணர் காலைச் சாப்பாட்டுக்கு முதல் மரியாதை கொடுத்து எழுதினார்.

1920-களில் எட்வர்ட் பெர்னேய்ஸ் என்று ஒரு விளம்பரப் புலி வந்தார். மனோதத்துவ மேதை ஃப்ராய்டுக்கு மருமகன் முறை. பன்றி இறைச்சி விற்கும் ஒரு கம்பெனிக்காக ஆயிரக்கணக்கான டாக்டர்களுக்குக் கடிதம் போட்டு, “காலையில் லைட்டாகச் சாப்பிடுவதா, ஹெவியாகச் சாப்பிடுவதா, எது நல்லது?” என்று கேட்க வைத்தார். பெரும்பாலானவர்கள் “ஹெவி” என்றார்கள். அது பேப்பரில் செய்தியாக வந்தது. பேக்கன் விற்பனை பிய்த்துக்கொண்டது. விளம்பரம் என்றே தெரியாமல் விளம்பரம் செய்வது எப்படி என்று அந்த மனிதரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

(கெல்லாக்ஸ் 1994-ல் இந்தியாவுக்கும் வந்தது. மொறுமொறுவென்று தின்ன வேண்டியதில் நம் மாமிகள் சுடச்சுடக் காய்ச்சின பாலை ஊற்ற, அது கஞ்சியாகிப்போனது. சூடில்லாத பாலைக் காலையில் குடிப்பதா? நடக்கிற காரியமா?)

நம் தாத்தாக்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள்? நீராகாரம், பழைய சோறு, கம்பங்கூழ். கிராமத்தில் இட்லி என்பது தீபாவளி, பொங்கலுக்கு வருகிற விருந்தாளி. தினப்படி காலை எட்டு மணிக்கு இட்லி, வடை, பொங்கல், பூரி, கடைசியில் ஒரு ஸ்ட்ராங் காபி என்பது ரொம்பப் பழைய சம்பிரதாயமெல்லாம் இல்லை. அந்தத் தாத்தா கூழைக் குடித்துவிட்டு ஏர் பிடிக்கப் போனார். நாம் பொங்கலை முடித்துவிட்டு ஏ.ஸி.யில் உட்காரப் போகிறோம்.

சரி, அப்படியானால் டிபன் கட்சியின் வாதம் வெறும் விளம்பரமா? இல்லை. கணக்கெடுத்துப் பார்த்தால், பல ஊர்களில் காலையில் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடாதவர்களைவிடக் கொஞ்சம் ஒல்லியாகத்தான் இருக்கிறார்கள். எடை குறைத்து, குறைத்ததைத் தக்கவைத்துக்கொண்டவர்களுக்கென்றே அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேடு இருக்கிறது. அதிலிருந்த சுமார் மூவாயிரம் பேரை அலசி 2002-ல் வெளியிட்டார்கள். தினமும் காலையில் சாப்பிடுகிறவர்கள் 78 சதவீதம்!

“பார்த்தீங்களா!” என்று அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் எழுந்து நிற்க வேண்டாம். உட்காருங்கள். தெருவில் நிறையப் பேர் குடையோடு போகிற நாளில் மழை பெய்கிறது. அதற்காகக் குடையால்தான் மழை வந்தது என்பீர்களா? திருவல்லிக்கேணி மேன்ஷனில் டிபன் சாப்பிடாத பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மணி வரை முழித்திருப்பான். அதற்கு நடுவில் கொத்து பரோட்டா. எழுந்திருப்பது எட்டே முக்கால். மெஸ்ஸில் இட்லி காலி. ஒரு டீ, ஒரு சிகரெட், பஸ். இவன் குண்டானால் பழி யார் மேல்? சாப்பிடாத இட்லி மேலா, சாப்பிட்ட பரோட்டா மேலா?

இதைத் தீர்க்க ஒரே வழி, ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்து, பாதிப்பேரைச் சாப்பிடச் சொல்லி, பாதிப்பேரைப் பட்டினி போட்டுப் பார்ப்பது. செய்திருக்கிறார்கள். 2014-ல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகக்காரர்கள் முன்னின்று நடத்திய சோதனையில், எடை குறைக்க ஆசைப்பட்ட 309 பேரைப் பிரித்து 16 வாரம் பார்த்தார்கள். சாப்பிடச் சொன்ன கூட்டம், சாப்பிடாதே என்ற கூட்டம், இரண்டுக்கும் எடையில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை!

2019-ல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் இந்த மாதிரி 13 சோதனைகளைச் சேர்த்துவைத்து அலசினார்கள். ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்டது. காலையில் சாப்பிட்டவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளியிருந்தார்கள். நம் கணக்கில், சட்னி சேர்க்காமல் ஐந்து இட்லி. எடையும் அவர்களுக்குத்தான் 0.44 கிலோ கூடுதல். அதாவது, ‘காலையில் சாப்பிடாவிட்டால் மதியம் இரண்டு மடங்கு தின்பாய்’ என்று வீட்டில் சொல்வது முழுக்கச் சரியில்லை. மதியம் கொஞ்சம் கூடத் தின்கிறார்கள். ஆனால் விட்டது முழுவதையும் பிடிப்பதில்லை.

இளைஞர் அணி விசிலடிக்க வேண்டாம். அரை கிலோகூட இல்லாத வித்தியாசம் அது. சோதனைகளும் பெரும்பாலும் குறுகிய காலத்தவை, அமெரிக்கர்களையும் ஆங்கிலேயர்களையும் வைத்து நடந்தவை, தரமும் சுமார்தான் என்று அந்த ஆராய்ச்சிக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நம் ஊர் மசால் வடை அந்தக் கணக்கில் வரவில்லை.

இன்னொரு பயமும் உண்டு. ‘காலையில் சாப்பிடாவிட்டால் உடம்பு எஞ்சின் ஸ்லோ ஆகிவிடும், கொழுப்பு எரியாது’ என்று ஜிம் வாசலில் பேசிக்கொள்வார்கள். இங்கிலாந்தில் பாத் என்ற ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் இதையும் சோதித்தார்கள் (2014). ஒல்லியான ஆட்களை ஆறு வாரம் மத்தியானம் வரை பட்டினி போட்டதில், சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கிற கலோரி குறையவில்லை. எஞ்சின் அப்படியேதான் ஓடியது. ஆனால் ஒரு வேடிக்கை. பட்டினிக்காரர்கள் தங்களை அறியாமல் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள். லிஃப்ட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிற ஆசாமிகளை அடுத்த முறை கவனியுங்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்தது 1992-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. குண்டான பெண்மணிகள் 52 பேர், 12 வாரம். யார் அதிகம் இளைத்தார்கள் தெரியுமா? வழக்கமாகக் காலையில் சாப்பிடுகிறவர்களில், நிறுத்தச் சொல்லப்பட்டவர்கள் 8.9 கிலோ, பழையபடி சாப்பிட்டவர்கள் 6.2 தான். வழக்கமாகச் சாப்பிடாதவர்களில், சாப்பிடச் சொல்லப்பட்டவர்கள் 7.7 கிலோ, பழையபடியே விட்டவர்கள் 6 தான். அதாவது, எதை மாற்றினார்கள் என்பதைவிட, மாற்றினார்கள் என்பதுதான் வேலை செய்திருக்கிறதுபோல. பழக்கத்தை உடைக்கிறவன் தட்டை ஒரு தடவை உற்றுப் பார்க்கிறான்.

எங்கள் செயல்வீரர் உற்றுப் பார்க்காதது பதினோரு மணித் தட்டை. இட்லியை விட்ட வீரர், பதினோரு மணிக்கு டீக்கடையில் இரண்டு வடை, ஒரு பஜ்ஜி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ. ஒரு ஸ்பூன் எண்ணெய் என்றால் 45 கலோரி. எண்ணெய் குடித்த ஒரு மெதுவடை இரண்டு இட்லிக்கு மேலேயே நிற்கும். டீயில் விழுகிற இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40 கலோரி. ஒரு நாளைக்கு நாலு டீ என்றால் சர்க்கரை மட்டும் 160! நாலு இட்லியைத் தியாகம் செய்து ஏழு இட்லியை வாங்கிக்கொண்டால் அது விரதமா, நஷ்ட வியாபாரமா? பதினோரு மணியை ஒரு மோரோடு தாண்ட முடிகிற ஆளுக்குத்தான் டிபனை விடுவது லாபம்.

அக்கவுண்ட்ஸ் நண்பருக்கு வேறு கணக்கு. அவர் காலையில் சாப்பிடுவது தப்பே இல்லை. என்ன சாப்பிடுகிறார், ராத்திரி எத்தனை மணிக்கு முடிக்கிறார் என்பதுதான் விஷயம். இஸ்ரேலில் 93 பெண்களுக்குத் தினம் 1,400 கலோரி கொடுத்து, பாதிப்பேருக்குக் காலையில் 700, ராத்திரி 200, மீதிப்பேருக்குத் தலைகீழாக. 12 வாரத்தில் காலைக் கூட்டம் 8.7 கிலோவும், ராத்திரிக் கூட்டம் 3.6 கிலோவும் குறைந்ததாக 2013-ல் எழுதினார்கள். அடேயப்பா என்று நானும் வாயைப் பிளந்தேன். ஆனால் 2022-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில், சாப்பாட்டை அவர்களே சமைத்துக் கொடுத்துப் பார்த்ததில், இரண்டு வகையிலும் சுமார் 3.3 கிலோதான் குறைந்தது. ஒரே ஒரு வித்தியாசம்... காலையில் கனமாகச் சாப்பிட்டபோது நாள் முழுக்கப் பசி குறைவாக இருந்தது.

பசி குறைவது சின்ன விஷயமா? ஆறு மணிக்கு ஆபீஸை விட்டு இறங்கி, ஸ்டேஷன் வாசலில் சமோசா வாசனையைத் தாண்டிப் போகிறவனுக்குத்தான் தெரியும் அதன் அருமை! ஆகவே நண்பருக்கு நான் சொன்னது: டிபன் இருக்கட்டும். நெய் மிதக்கிற பொங்கல் வேண்டாம். அது பத்தரை மணிக்கே தூக்கத்தைக் கொண்டுவரும். மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னிக்குப் பதில் கெட்டி சாம்பார், கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. பருப்பும் முட்டையும் வயிற்றில் கொஞ்ச நேரம் உட்காரும். ராத்திரிச் சாப்பாட்டில்தான் கத்தரி.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் டிபனை நிறுத்தக்கூடாது. சில மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்க்காது; சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். தாம்பரத்திலிருந்து என்னோடு மின்சார ரயிலில் வருகிற பெரியவர் ஒருவர், மாத்திரையைப் போட்டுவிட்டு டிபனை விட்டுவிட்டார். பல்லாவரம் தாண்டுவதற்குள் சட்டை நனைய வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குளறல். காலேஜ் பெண் ஒருத்தி பையிலிருந்த மாம்பழ ஜூஸைக் கொடுத்ததில் கிண்டி வருவதற்குள் மனிதர் நிமிர்ந்தார். அவள் பையில் அது இல்லாமலிருந்தால்?

குழந்தைகளுக்கும் இந்தக் கட்டுரை கிடையாது. வளர்கிற உடம்பு. வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்காரக் கூடாது என்றுதான் தமிழக அரசு 2022 செப்டம்பரில் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தையே ஆரம்பித்தது.

கடைசியாக, எடை மிஷினை மட்டும் நம்பாதீர்கள். 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் போட்டோ வந்தது. ஒருவர் லண்டன் யுட்கின், இன்னொருவர் நம் புனே யாஜ்னிக். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். நம்மவருக்கு 21.2! ஒல்லியாகத் தெரிந்தாலும் கொழுப்பை உள்ளே ஒளித்துவைக்கிற ஜாதி நாம். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள், பெண்களுக்கு 80. டெய்லர் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். பேன்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்க முடியாது. பேன்ட்டை நாம் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அளந்தாலும் செல்லாது ஸார்!