தூக்கக் கலக்கத்துக்கு ஒரு செயலி

1920ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய இரவு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மருந்தியல் பேராசிரியர் ஓட்டோ லோவி திடுக்கென விழித்தார். விளக்கைப் போட்டு, மெல்லிய தாள் துண்டு ஒன்றில் எதையோ கிறுக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தால் கையெழுத்து அவருக்கே பிடிபடவில்லை. முக்கியமான ஏதோ ஒன்றை எழுதினோம் என்பது மட்டும் நினைவிருந்தது.

நல்லவேளை, மறுநாள் இரவு மூன்று மணிக்கு அந்த யோசனை திரும்பி வந்தது. இம்முறை அவர் தாளை நம்பவில்லை. நேரே ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்று நரம்போடு, மற்றொன்று நரம்பில்லாமல். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு தளர்ந்தது. அதிலிருந்த உப்புக் கரைசலை இரண்டாவதில் விட்டார், அதுவும் தளர்ந்தது. நரம்பின் சேதி வேதிப்பொருளாகப் போகிறது என்று காட்டிய இந்த வேலைக்குத்தான் 1936இல் நோபல் பரிசு, ஹென்றி டேலோடு சேர்த்து, அவருக்குக் கிடைத்தது.

கனவுக் குறிப்பேட்டுச் செயலி செய்ய உட்காருகிறவர்கள் அந்தத் தாள் துண்டை மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய பயனர் பாதிக் கண் திறந்தவர். விரல் சொன்னபடி கேட்காதவர். சில நிமிடங்களில் நினைவிலிருக்கும் கனவும் காணாமல் போய்விடும்.

ஏன் போகிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் 1953இல் அறிவித்த ‘ரெம்’ உறக்கத்தில், மூடிய இமைக்குள் கண்கள் விறுவிறுவென அசையும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கட்டம் விடியும் நேரத்தில் நீளும். அந்நேரம் மூளையில் நார்அட்ரினலின் வெகுவாக அடங்கிக் கிடக்கிறது. நினைவைப் பதிக்க உதவும் பொருள் அது. கனவு ஒட்டாமல் உதிர இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எழுந்ததும் கவனம் வேறெங்காவது திரும்பினால் மிச்சமும் போச்சு.

கவனத்தைத் திருப்புவதற்கென்றே செய்த பொருள் கைப்பேசி. கனவை எழுத அதை எடுத்தவர் முதலில் பார்ப்பது பதினான்கு வாட்ஸ்அப் செய்திகளை. ஆகவே அலாரத்தை நிறுத்திய அதே தொடுதலில் ஒலிப்பதிவு தொடங்கிவிட வேண்டும். பேசி முடித்ததும் திரை தானே அணைய வேண்டும்; ‘சேமிக்கப்பட்டது’ என்ற மணியோசைகூட வேண்டாம். பேச்சை எழுத்தாக்கும் வசதி இருந்தாலும் மூல ஒலியை வைத்திருப்பது அவசியம். தூக்கத்தில் குழறிய ‘பாட்டி’ காலையில் ‘பார்ட்டி’ ஆகியிருந்தால் அது லோவியின் கிறுக்கலேதான்.

திரையின் நிறம்? விழித்திரையில் மெலனாப்சின் கொண்ட செல்கள் 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு அதிகம் மசிகின்றன. உடலின் பகல்-இரவுக் கடிகாரத்துக்குச் சேதி சொல்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. கறுப்புப் பின்னணியில் மங்கிய சிவப்புப் பொத்தான் என்பது இதிலிருந்து வந்த யோசனை. ஆனால் நிறத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடாது. ஐபோனின் நைட் ஷிஃப்ட் வசதியை அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 167 இளைஞர்களிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். அதைப் போட்டவர்களின் உறக்கம் போடாதவர்களுடையதைவிட மேம்படவில்லை.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995இல் ‘அமைதியான தொழில்நுட்பம்’ பற்றி எழுதினார்கள். வேண்டும்போது கவனத்துக்கு வந்து, மற்ற நேரம் ஓரத்தில் இருப்பதே அதன் இலக்கணம். ஊதாப் பின்னணியும் மிதக்கும் நட்சத்திரமும் புல்லாங்குழலும் அமைதி என்று எண்ணுகிற செயலிகள் இதைக் கோட்டை விடுகின்றன. ‘ஏழு நாள் தொடர்ந்து எழுதிவிட்டீர்கள்!’ என்ற பாராட்டு அதைவிட மோசம். எட்டாம் நாள் கனவு வராதவர் என்ன செய்வார்? பிரான்சின் எர்வே த சாந்-தெனி பதிமூன்று வயதில் கனவுகளைக் குறிக்கத் தொடங்கி, 1,946 இரவுகளை 22 நோட்டுகளில் நிரப்பினார். அவருக்கு யாரும் நினைவூட்டல் அனுப்பவில்லை.

‘கனவின் பொருள் என்ன?’ பொத்தானும் கூடாது. பாம்பு கடித்தால் சனி விட்டது என்று சொல்ல நம் வீட்டுப் பெரியவர்களே போதும். எண்ணுவது வேறு வேலை. கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காசலும் 1966இல், கனவில் யார் வந்தார்கள், சண்டையா நட்பா, என்ன உணர்ச்சி என்று கணக்கெடுக்கும் முறையை வகுத்தார்கள். அதன் அடிப்படையில் சுமார் 24,000 கனவுக் குறிப்புகளைக் கணினியே அலசிய ஆய்வு 2020இல் வந்தது. ஆறு மாதம் கழித்து, கேட்டால் மட்டும், ‘உங்கள் கனவில் பழைய வீட்டு மாடிப்படி ஒன்பது முறை வந்திருக்கிறது’ என்று செயலி சொல்லலாம்.

மிச்சமிருப்பது பூட்டு. கனவில் மேலாளரை அறைந்திருப்போம். பக்கத்து வீட்டுக்காரரோடு ஊரைவிட்டு ஓடியிருப்போம். இந்தப் பதிவுகள் நிறுவனத்தின் சர்வருக்குப் போகாமல் கைப்பேசியிலேயே இருக்க வேண்டும். அழித்தால், காப்புப் பிரதியிலிருந்தும் அழிய வேண்டும்.