விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்

ஓடப் பிறந்த உடல்

ராஜபாளையம், சிப்பிப்பாறை என்ற இரண்டு நாட்டு நாய் இனங்களும் விருதுநகர் வட்டாரத்து ஊர்களின் பெயரைத் தாங்கியவை. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும், சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயல் விரட்டவும் வளர்க்கப்பட்டவை. ஆழமான மார்பும் ஒடுங்கிய வயிறும் இவற்றின் இயல்பு. சிப்பிப்பாறைக்குக் கடைசி ஓரிரு விலா எலும்புகள் லேசாக வெளியே தெரிவதும் இயல்புதான். “சோறே போடுறதில்லையா?” என்று பக்கத்து வீட்டார் கேட்டுவிட்டார்கள் என்பதற்காகவே நாய்க்குக் கூடுதலாக ஊட்டுவது தவறு.

வேட்டை சட்டப்படி நின்றுவிட்டது. வீட்டார் காலையிலேயே பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் கிளம்பிவிட, நாய் பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிறது. ஓட்டம் குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. எடை ஏறுவது இதனால்தான்.

எடை கூடினால்

மூட்டு தேய்கிறது, மூச்சு வாங்குகிறது. பருத்த பூனைக்கு நீரிழிவு எளிதில் வருகிறது. விருதுநகர் வெயிலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. கொழுப்பு அந்தச் சூட்டை உள்ளேயே தேக்குவதால், பருத்த நாய்க்குச் சித்திரை, வைகாசியில் வெப்ப அதிர்ச்சி ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. கால் பங்கு உணவு குறைவாகத் தின்ற நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன.

கையால் ஒரு சோதனை

நாயின் இரு பக்கத்திலும் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவ வேண்டும். அழுத்தாமலே விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டால் எடை சரி. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். பூனைக்கும் இதே சோதனைதான். பின்வயிற்றில் தொங்கும் தோல்மடிப்பு மெலிந்த பூனைக்கும் இருக்கும். அதை மட்டும் வைத்துத் தொப்பை என்று முடிவுகட்டக் கூடாது.

தட்டில் விழுவது

பெரும்பாலும் வேளைச் சோற்றைவிட இடையிடையே போடுவதுதான் எடையை ஏற்றுகிறது. வீட்டோடு கிடக்கும் 20 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி போதும். எண்ணெயில் பொரித்த விருதுநகர் பரோட்டா இரண்டு போட்டால் அதில் பாதி போய்விடும். சால்னாவில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைக்கும் நஞ்சு. சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, டீக்கடைப் பொறை எதுவும் தினசரித் தீனியாகக் கூடாது. இடைத்தீனி மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பூனை இறைச்சியை நம்பி வாழும் உயிர். பால்சோறு மட்டும் போட்டால் அதற்கு வேண்டிய சத்து கிடைக்காது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. கருத்தடை செய்த பின் நாய்க்கும் பூனைக்கும் உணவுத் தேவை குறைகிறது. அன்றிலிருந்தே அளவைக் குறைத்துவிட வேண்டும்.

குறைக்கும் முறை

தைராய்டு குறைந்தாலும் நாய் பருக்கும் என்பதால் முதலில் கால்நடை மருத்துவமனையில் காட்டுவது நல்லது. பிறகு ஒரே டம்ளரால் அளந்து, வீட்டில் ஒருவர் மட்டுமே சோறு வைக்க வேண்டும். பாட்டி ஒருமுறையும் பேரன் ஒருமுறையும் வைக்கும் வீட்டில் எந்தக் கணக்கும் நிற்காது. நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, தூக்கியவர் எடையைக் கழித்தால் நாயின் எடை தெரிந்துவிடும். வாரத்துக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு குறைந்தால் போதும்.

நடக்கக் கூட்டிப்போவதை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். தீபாவளி நாட்களில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடும் நாய்கள் உண்டு; விடியற்காலையில் வாரை இறுகப் பிடித்தே கூட்டிப்போக வேண்டும்.

பூனையைப் பட்டினி போட்டு மட்டும் மெலிய வைக்கவே கூடாது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமலிருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க அது தீனியைத் தொடவில்லை என்றாலே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.