டிசைன் படத்தைச் சுருக்கும் கணக்கு

ஜக்கார்டு பெட்டியைப் பழகிய அங்கத்தினர்களுக்குக் கருப்பு வெள்ளைப் படம் என்பது புதிய விஷயமன்று. அட்டையில் துளை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும். இல்லையேல் இழை கிடந்தபடி கிடக்கும். இடைநிலை கிடையாது. கணிப்பொறியும் இவ்வாறே, உருவுக்கு 1, வெற்றிடத்துக்கு 0 என்று டிசைனைக் குறித்துக்கொள்கிறது.

வரைந்த முந்தி டிசைனை ஸ்கேன் செய்தபோது அகலமும் உயரமும் 1600 புள்ளிகளாக அமைந்தன என்று கொள்வோம். பெட்டியிலோ 400 கொக்கிகள். ஆகவே படத்தை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கியாக வேண்டும். (பாவு நெருக்கமும் ஊடை நெருக்கமும் வேறுபட்டால் உயரத்தின் விகிதமும் வேறாகும், கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு இரண்டையும் ஒன்றாகவே கொண்டோம்.)

நான்கு புள்ளிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது எளிய வழி; ஆனால் ஆகாத வழி. ஒரு புள்ளி கனமுள்ள கொடித்தண்டு, விட்டுவிட்ட மூன்றில் வீழ்ந்தால் அடியோடு மறைந்துவிடும். சற்றே சாய்ந்த தண்டாயின் ஆங்காங்கே அறுந்து நிற்கும். 400 அட்டைகளையும் அடித்து, சேலையும் நெய்தான பின்னர் இதனைக் கண்டு என்ன பயன்? நூலும் கூலியும் போனவை போனவையே.

ஆதலால் நான்குக்கு நான்கு என்ற கட்டத்திலுள்ள 16 புள்ளிகளையும் கூட்டிச் சராசரி காண வேண்டும். மொத்தம் 25,60,000 புள்ளிகள், 1,60,000 கட்டங்கள். எண்களை வரிசையாகக் கையாளும் வெக்டர் நூலகங்கள் இதற்கென்றே உள்ளன. ஆப்பிள் நிறுவனத்தாரின் ஆக்ஸிலரேட் தொகுதியிலுள்ள வி.டி.எஸ்.பி. அவற்றுள் ஒன்று. ஒரே கட்டளையில் பல எண்களைக் கூட்டும் ஆற்றல் செயலிக்கு உண்டு. அதனை இந்நூலகம் பயன்படுத்திக்கொள்கிறது.

முதலில் 0, 1 குறிகளைத் தசம எண்களாக மாற்ற வேண்டும். ஒரு பிட்டில் அடங்கிய புள்ளி இப்போது 32 பிட்டுகளைக் கொள்ளும். எனவே முழுப் படத்தையும் ஒருங்கே மாற்றாது, நான்கு வரிசைகளை மட்டும் எடுத்தால் 25,600 பைட்டு போதும். அந்நான்கையும் ஒன்றாகக் கூட்டினால் 1600 எண்கள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். அதன் பின்னர் டீசாம்ப் என்னும் பணியிடம் அதனை ஒப்படைக்கிறோம். பதினாறில் ஒன்று என்ற கெழு நான்கு, தாவல் நான்கு, விடை 400 என்று குறித்தால், அது படிக்கும் எண்கள் 399 × 4 + 4, அதாவது சரியாக 1600. கெழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் வரிசையின் முடிவைத் தாண்டிப் படிக்கும். இதில் எச்சரிக்கை வேண்டும்.

இனி, வந்த சராசரியை மீண்டும் 0 அல்லது 1 ஆக்க ஓர் எல்லை வகுக்க வேண்டும். இயந்திரம் தீர்மானிக்கும் காரியமன்று இது. எல்லை 0.5 எனில், நேரான ஒரு புள்ளித் தண்டு 16-இல் 4, அதாவது 0.25 மட்டுமே பெற்று மறையும். இரண்டு புள்ளித் தண்டும் இரு கட்டங்களில் பிரிந்து வீழ்ந்தால் அதே கதிதான். எல்லையை 0.25 ஆக இறக்கினால் தண்டு பிழைக்கும். ஆனால் இதழ்களுக்கு நடுவே மூன்று புள்ளி வரையுள்ள நேர் இடைவெளிகள் முழுவதும் அடைபட்டு, பூ ஒரே திட்டாகிவிடும்.

கொடி மிகுந்த கரைக்குத் தாழ்ந்த எல்லையும், நெருக்கமான பூ வேலைக்கு உயர்ந்த எல்லையும் பொருந்தும் என்பது நம் கருத்து. இரண்டும் கலந்த டிசைனாயின் இரு எல்லைகளிலும் சுருக்கி, அருகருகே வைத்துப் பார்த்து, அறுந்த தண்டுகளைச் சுருக்கிய படத்திலேயே கையால் இணைத்த பின்னரே அட்டை அடிக்கக் கொடுத்தல் வேண்டும்.