ஒரே தெரு, ஒரே தப்பு... ஆனால் ரெண்டு சட்டம்! மேற்குக் கரையில் நடப்பது என்ன?

மேற்குக் கரையின் தெற்கே இருக்கும் ஊர் ஹெப்ரான். இதன் பழைய நகரில் பாலஸ்தீனர்களும் யூதக் குடியேறிகளும் சில அடி தூரத்தில் வசிக்கிறார்கள். அங்கே 15 வயதுப் பையன்கள் ரெண்டு பேர் கல்லெறிந்து மாட்டிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவன் யூதக் குடியேறியின் மகன். அவன் வழக்கு போலீஸ் வழியாக இஸ்ரேலின் சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். இன்னொருவன் பாலஸ்தீனப் பையன். அவனை விசாரிப்பது ராணுவ நீதிமன்றம். குற்றம் சாட்டுபவரும் ராணுவ அதிகாரி, தீர்ப்பு சொல்பவரும் ராணுவ அதிகாரி.

கல் ஒன்றுதான். எறிந்தவன் யார் என்பதைப் பார்த்துச் சட்டம் மாறுகிறது.

எப்படி வந்தது இந்த நிலை?

1967 ஜூன் போரில் மேற்குக் கரையை இஸ்ரேல் கைப்பற்றியது. சட்டம் போடுவது, நிர்வாகம் நடத்துவது என எல்லா அதிகாரமும் அங்குள்ள ராணுவத் தளபதிக்கே என்று உடனே அறிவிக்கப்பட்டது. போர் ஆறே நாளில் முடிந்துவிட்டது. அந்த ஏற்பாடு மட்டும் இன்றுவரை முடியவில்லை.

உதாரணத்துக்கு, 1967 ஆகஸ்டில் வந்த ராணுவ ஆணை எண் 101. அரசியல் விஷயத்துக்காக 10 பேர் கூட வேண்டுமென்றால் ராணுவத்தின் அனுமதி வேண்டும். மீறினால் 10 ஆண்டு வரை சிறை. இந்த ஆணையைப் போட்டவர்களை ஓட்டுப் போட்டு மாற்றும் வாய்ப்பு பாலஸ்தீனர்களுக்குக் கிடையாது.

'அவர்களுக்குத்தான் பாலஸ்தீன ஆணையம் என்று ஒரு அரசு இருக்கிறதே?' என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் 1995 ஒப்பந்தப்படி மேற்குக் கரையில் சுமார் 60 சதவீத நிலம், அதாவது 'சி' பகுதி, முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆணையத்தின் கையில் உள்ள நகரங்களுக்குள்ளும் ராணுவம் புகுந்து ஆட்களைக் கைது செய்து கொண்டுபோகிறது.

குடியேறிகளுக்கு மட்டும் எப்படி விலக்கு?

இஸ்ரேலியர்கள் மேற்குக் கரையில் குற்றம் செய்தாலும் இஸ்ரேல் சிவில் நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம் என்று 1967-ல் ஒரு அவசரகால விதி வந்தது. இதை 5 ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும் வேலை இது.

2022 ஜூனில்தான் சிக்கல் வந்தது. அப்போது பிரதமர் நஃப்தலி பென்னட். அவரது ஆட்சியைக் கவிழ்க்க நினைத்த நெதன்யாகு தரப்பு, குடியேறிகளின் ஆதரவாளர்களாக இருந்தும் நீட்டிப்பை எதிர்த்து வாக்களித்தது. 52-க்கு 58 என்ற கணக்கில் மசோதா தோற்றது. விதி காலாவதியானால் குடியேறிகளும் ராணுவச் சட்டத்தின் கீழ் வந்துவிடுவார்கள்! சில நாட்களிலேயே நாடாளுமன்றத்தைக் கலைக்கும் முடிவை பென்னட் அறிவித்தார். சபை கலைந்தால் இத்தகைய விதிகள் தானாகவே நீளும் என்பதால் விதி தப்பியது. மறுபடி ஆட்சிக்கு வந்த நெதன்யாகு கூட்டணி, தான் தோற்கடித்த அதே விதியை 2023 ஜனவரியில் மேலும் 5 ஆண்டுக்கு நீட்டித்தது.

வழக்கே இல்லாமல் சிறை

ராணுவ நீதிமன்றத்திலாவது குற்றம் என்ன என்று சொல்வார்கள். 'நிர்வாகக் காவல்' என்றால் அதுவும் இல்லை. குற்றச்சாட்டு இல்லாமல், விசாரணை இல்லாமல் 6 மாதம் வரை அடைத்து வைக்கலாம். பிறகு இன்னொரு 6 மாதம். எத்தனை முறை என்று வரம்பு கிடையாது. ராணுவ நீதிபதி மறு ஆய்வு செய்வார். ஆனால் ஆதாரம் ரகசியம். கைதிக்கும் காட்ட மாட்டார்கள், அவர் வக்கீலுக்கும் காட்ட மாட்டார்கள். எதை மறுப்பது என்றே தெரியாமல் மறுக்க வேண்டும்.

இதை எதிர்த்து 2011-12-ல் 66 நாள் உண்ணாவிரதம் இருந்தவர், இஸ்லாமிய ஜிஹாத் அமைப்பின் காதர் அத்னான். 2023 அக்டோபருக்குப் பிறகு நிர்வாகக் காவலில் இருப்போர் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டியது.

குடியேறிகள் சிலர் மீதும் இது எப்போதாவது பாய்ந்ததுண்டு. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ், இனி மேற்குக் கரைக் குடியேறிகள் மீது இதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். பாலஸ்தீனர்களுக்கு அது அப்படியே தொடர்கிறது.

இஸ்ரேல் சொல்லும் காரணம் என்ன?

தாக்குதல்களைத் தடுக்க இது தேவை என்கிறது இஸ்ரேல். இஸ்ரேலியர்கள் மீது கத்திக்குத்து, துப்பாக்கிச்சூடு நடப்பதும் உண்மைதான். ஆக்கிரமித்த பகுதியில் ராணுவ நீதிமன்றம் நடத்த 1949-ன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தமும் இடம் தருகிறது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 49-வது பிரிவு, சொந்த மக்களை அங்கே குடியமர்த்தக் கூடாது என்கிறது. குடியேற்றமே இல்லையென்றால் ரெண்டாவது சட்டத்துக்கு வேலையே இல்லை! இதற்கு இஸ்ரேலின் பதில்: இது சர்ச்சைக்குரிய நிலம், இந்த ஒப்பந்தம் இங்கே முறைப்படி பொருந்தாது.

சர்வதேச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் நீடிப்பதே சட்டவிரோதம் என்று 2024 ஜூலை 19-ல் கருத்து சொன்னது. ஆனால் அது ஆலோசனைக் கருத்துதான், கட்டுப்படுத்தாது. 12 மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்று அந்த செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. ஆதரவு 124, எதிர்ப்பு 14. வாக்களிக்காமல் ஒதுங்கிய 43 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கெடு 2025 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ரமல்லா அருகே உள்ள ஓஃபர் ராணுவ நீதிமன்றத்தில் பாலஸ்தீனச் சிறுவர்களின் வழக்குகள் தொடர்ந்து நடக்கின்றன.