காலுக்கு லீவு!

ஆபீஸில் கேஷுவல் லீவு கேட்டால் மானேஜர் முறைப்பார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் போவதிலிருந்து லீவு கேட்டால் மனைவி முறைப்பாள். கேட்டவுடன் லீவு கொடுக்கிற ஒரே ஜீவன் என் கார்தான். அதுவும் என் வலது காலுக்கு மட்டும்!

செகண்ட் ஹாண்டில் வாங்கிய கார். ஸ்டீயரிங்கில் நாலு பட்டன் இருந்தது. 'குரூஸ் கன்ட்ரோல் சார், டாப் மாடல்ல மட்டும்தான் வரும்' என்று புரோக்கர் சொன்னதில் மயங்கி விலையைப் பேசக்கூட மறந்துவிட்டேன். நெடுஞ்சாலையில் 80-ஐத் தொட்டதும் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். மேடோ, பள்ளமோ, வண்டி 80-லேயே போய்க்கொண்டிருக்கும். பிரேக்கை லேசாகத் தொட்டால் பிடியை விட்டுவிடும்.

"வீட்லதான் கைக்கு ரெஸ்ட்டுன்னு பார்த்தா, கார்ல காலுக்குமா?" என்றாள் மனைவி.

அவள் கண் பட்டதோ என்னவோ, ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் பட்டனை அழுத்தினால் மீட்டரில் குரூஸ் விளக்கு எரிகிறது, வேகம் மட்டும் 'செட்' ஆகவில்லை. காலை எடுத்தால் 70, 60 என்று மளமளவென்று இறங்குகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் என்ன செய்வோம்? இருக்கிற எல்லாப் பட்டனையும் அழுத்துவோம். அழுத்தினேன். ரேடியோ பாடியது.

சென்னையில் ஓர் ஒர்க்ஷாப். டை கட்டிய இளைஞர் ஒருவர் டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். திரையில் 'பி0504' என்று ஒரு கோடு வந்தது. பல்ஸ் பார்த்த டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"குரூஸ் சிஸ்டம் போயிருக்கு சார். ஸ்டீயரிங் சுவிட்ச், கிளாக் ஸ்பிரிங் ரெண்டும் மாத்திரலாம். அதுலயும் சரியாகலைன்னா கன்ட்ரோல் யூனிட். எல்லாம் சேர்த்து 28,000 வரும்."

குரூஸ் இல்லாமலே எனக்கு வேகம் பிடித்தது. வாசலை நோக்கி!

"வண்டி ஓடுதில்ல? பிரேக் பிடிக்குதில்ல? காலுக்கு லீவு இல்லைன்னா ஒண்ணும் குடி முழுகிடாது" என்றாள் மனைவி. சரி, போனஸ் வரட்டும் என்று விட்டுவிட்டேன். குடி முழுகப் பார்த்தது அதற்கு அடுத்த மாதம்.

* * *

எனக்கு மாமனார் ஊர் போளூர். ஆற்காட்டில் திரும்பி, ஆரணி வழியாகப் போனால் ஜவ்வாது மலை வரவேற்கும். மாமியார் அதைவிட நன்றாக வரவேற்பார். மூன்று நாள் விருந்தில் பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட வேண்டியதாயிற்று.

"மாமா, மேல ஜமுனாமரத்தூர் போயி பீமன் அருவியைப் பாத்துட்டு வந்துரலாம்" என்றான் மச்சான்.

போனோம். சாமை விளைகிற மலை. காற்றே தனி ருசி. இந்த மலையில்தான் காவலூரில் வைணு பாப்பு வானாய்வுக்கூடம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி. பல்லாயிரம் வருஷம் முன்னால் நட்சத்திரத்திலிருந்து புறப்பட்ட வெளிச்சத்தைக்கூடப் பிடித்துவிடும் என்று மச்சானுக்கு லெக்சர் அடித்துக்கொண்டே திரும்பினேன். இருட்டிக்கொண்டு வந்தது. இறக்கம். பின் ஸீட்டில் என் ஐந்து வயசுப் பெண் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வளைவில் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக் போட்டேன்.

பின்னால் 'கிரீச்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸின் முகம் மட்டும்தான் தெரிகிறது. வேறு எதுவும் தெரியவில்லை. ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம்.

டிரைவர் இறங்கி வந்தார். "யோவ், பிரேக் அடிச்சா லைட்டு எரிய வாணாமா? நான் இன்னா ஜோசியமா பாக்கறது? உள்ள கொயந்த வேற இருக்குது!"

மச்சான் பின்பக்கம் போய் நின்றான். நான் பிரேக்கை அழுத்தினேன்.

"எரியுது மாமா... எரியல மாமா... எரியல மாமா... எரியுது மாமா..."

கோடானுகோடி மைலுக்கு அப்பால் இருக்கிற நட்சத்திரம் தெரிகிற மலையில், இருபது அடி முன்னால் போன என் சிவப்பு விளக்கு தெரியாமல் போயிருக்கிறது. திட்டிய டிரைவரே பிறகு, "மெதுவா எறங்கு. நான் பின்னாலயே தள்ளி வரேன்" என்றார். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஊர்ந்தேன். அடிவாரம் வரைக்கும் அந்த பஸ் எங்களுக்குக் காவல் வந்தது.

போளூர் வந்து சேரும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இது முதல் தடவை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

* * *

மறுநாள் காலை மச்சான் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கூட்டிக்கொண்டு போனான். தகரக் கொட்டகை, வேப்பமரம், ஒரு ஸ்டூல். அவருடைய ஆயுதங்கள் இரண்டுதான். ஒன்று மல்ட்டிமீட்டர். இன்னொன்று டெஸ்ட் லாம்ப். அதாவது ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு ஒயர், ஒரு கிளிப்.

"பிரேக் லைட்டு விட்டு விட்டு எரியுதுங்க" என்றேன்.

அவர் வண்டியைப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்தார். "குரூஸ் வேலை செய்யுதா சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைப்பற்றி நான் மூச்சே விடவில்லையே!

"ரெண்டும் அண்ணன் தம்பி சார். அண்ணனுக்கு ஜொரம்னா தம்பி படுத்துக்குவான்."

வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்த விதம் இருக்கிறதே, எங்கள் ஆடிட்டர் கூட அப்படிச் செய்யமாட்டார். முதலில் பியூஸ். நன்றாக இருந்தது. அடுத்து ஹாரன். அடித்தது. ஹாரன் ஒயரும் குரூஸ் பட்டன் ஒயரும் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்கிற நாடா வழியாகத்தான் போகின்றன. ஹாரனும் அடித்து, குரூஸ் விளக்கும் எரிந்தால் அந்த நாடா மேல் சந்தேகம் குறைகிறது. ஸ்பீடாமீட்டர் முள் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது. அப்படியென்றால் வேகத்தைச் சொல்லும் சென்ஸார் மேலும் பெரிய சந்தேகமில்லை. கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் உண்டு. கியர் வண்டியில் அதுவும் குரூஸை நிறுத்தும். பார்த்தார். சரி.

பிறகு தலையைப் பெடலுக்குக் கீழே நுழைத்தார். கால் இரண்டும் வெளியே. பிரேக் பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச்.

"சார், இதுக்குள்ள ரெண்டு காண்டாக்ட் கீது. கால் வெக்காதப்ப ஒண்ணு சேந்திருக்கும், ஒண்ணு பிரிஞ்சிருக்கும். கால் வெச்சா சேந்தது பிரியும், பிரிஞ்சது சேரும். ஒண்ணு லைட்டுக்கு, ஒண்ணு குரூசுக்கு. கம்ப்யூட்டர் ரெண்டையும் கேக்கும்."

ஜாயின்ட் அக்கவுன்ட் மாதிரி என்று புரிந்துகொண்டேன். இரண்டு கையெழுத்தும் ஒத்துப்போனால்தான் செக் பாஸாகும். ஒரு காண்டாக்ட் 'பிரேக் போட்டாச்சு' என்கிறது. இன்னொன்று 'போடவே இல்லை' என்கிறது. எது உண்மை என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிரேக் போட்டதே தெரியாமல் 80-ல் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆவது? அதனால் வம்பே வேண்டாம் என்று குரூஸுக்குத் தடா போட்டுவிடுகிறது.

டெஸ்ட் லாம்பின் கிளிப்பை வண்டி பாடியில் மாட்டினார். முனையைச் சுவிட்ச்சுக்குள் போகும் ஒயரில் வைத்தார். எரிந்தது. கரண்ட் வருகிறது. வெளியே போகும் ஒயரில் வைத்து, "அமுக்கு சார்" என்றார். பத்துத் தடவை அமுக்கினேன். ஆறு தடவைதான் எரிந்தது. அப்புறம் பிளக்கைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்தார். காண்டாக்ட் சேரும்போது பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண், பங்கு மார்க்கெட் மாதிரி குதித்தது. தீர்ந்தது வழக்கு!

அப்போதுதான் ஒர்க்ஷாப்பில் சொன்ன கோடு ஞாபகம் வந்தது. போனில் தேடினேன். பி0504 என்றால் 'பிரேக் சுவிட்ச்சின் இரண்டு சிக்னலும் ஒத்துப்போகவில்லை' என்று அர்த்தமாம். குரூஸ் என்ற வார்த்தையே அதில் இல்லை. ஸ்கேனர் புகாரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. ஸ்டீயரிங் சுவிட்ச் என்று தீர்ப்பு எழுதியது மனிதர்கள்.

* * *

புது சுவிட்ச் திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். இரண்டு மணி நேரம். ஸ்டூலில் உட்கார்ந்து குரூஸின் ஜாதகத்தைப் படித்தேன்.

இதைக் கண்டுபிடித்த அமெரிக்க இன்ஜினீயர் ரால்ஃப் டீட்டருக்குக் கண் தெரியாது. ஐந்து வயசில் நடந்த விபத்தில் பார்வை போய்விட்டது. அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, பேசினால் வேகம் குறைப்பாராம், கேட்டால் கூட்டுவாராம். பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அலுத்துப்போனவர், வேகத்தை ஒரே சீராகப் பிடித்துவைக்க வழி தேடினார் என்பது சொல்லப்படும் கதை. 1950-ல் பேட்டன்ட் கிடைத்தது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்களில் வந்தது.

இன்னொரு விஷயம் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஃபோர்டு கம்பெனி 1999-லிருந்து 2009 வரை தவணை தவணையாக அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறது. காரணம், பிரேக் போட்டால் குரூஸை அணைக்கும் சுவிட்ச். அது வேறு மாதிரி, பிரேக் ஆயிலோடு சேர்ந்தது. ஆயில் உள்ளே கசிந்து, நிறுத்தி வைத்திருந்த வண்டிகள்கூடத் தீப்பிடித்தன. இத்தனூண்டு சுவிட்ச்!

"ஆமா, என் சுவிட்ச் ஏன் கருகிச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எலக்ட்ரீஷியன் வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். பம்பரில் நான் ஆசை ஆசையாக மாட்டியிருந்த இரண்டு எக்ஸ்ட்ரா சிவப்பு லைட்டைப் பார்த்தார். "இது யார் வெச்சது?"

"கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு, வேணாம்னு அப்பவே சொன்னேன்" என்றாள் மனைவி. பத்து வருஷ மௌனம் கலைந்தது.

கணக்கு எளிது. 21 வாட் பல்பு இரண்டு என்றால் 42 வாட். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். என் அலங்காரம் சேர்ந்ததும் ஏழு. என் வண்டியில் அத்தனையும் நேராக அந்த சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. மூன்று பேர் ஸீட்டில் ஆறு பேர். ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் காண்டாக்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகியிருக்கிறது. எக்ஸ்ட்ரா பிரேக் லைட் போட்டு, இருந்த பிரேக் லைட்டையும் அணைத்த புண்ணியவான் நான்!

சுவிட்ச் 450, கூலி 200. ஆக 650 ரூபாய். போகும்போது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

குரூஸ் விளக்கே எரியாவிட்டால்: பியூஸ், ஸ்டீயரிங் பட்டன், கிளாக் ஸ்பிரிங்.

விளக்கு எரிந்து, வேகம் செட் ஆகாவிட்டால்: முதலில் பிரேக் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச். அப்புறம்தான் மற்றது. பல வண்டிகளில் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே செட் ஆகாது. அது கோளாறு இல்லை.

செட் ஆகி, மேடு பள்ளத்தில் விட்டுவிட்டால்: சுவிட்ச் அட்ஜஸ்ட்மென்ட் அல்லது லூஸ் காண்டாக்ட்.

எதுவானாலும் காசு செலவழிக்குமுன், ராத்திரி வண்டியைச் சுவரோரம் பின்னால் எடுத்து நிறுத்தி, பிரேக்கை இருபது தடவை அமுக்கிப் பாருங்கள். சுவர் இருபது தடவையும் சிவக்க வேண்டும். ஒரு தடவை தப்பினாலும், காலுக்கு லீவு போனதைப்பற்றிக் கவலைப்படாதீர்கள். பின்னால் வருகிறவரைப்பற்றிக் கவலைப்படுங்கள்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் 80-ல் செட் செய்தேன். சமர்த்தாகப் பிடித்துக்கொண்டது. "காலுக்கு லீவு கொடுங்க, கண்ணுக்குக் கொடுத்துடாதீங்க" என்றாள் மனைவி.

கழற்றிய சிவப்பு லைட் இரண்டும் டிக்கியில் கிடக்கின்றன. "பைக்குல மாட்டிக்கறேன், குடுங்க மாமா" என்று மச்சான் எவ்வளவோ கெஞ்சினான்.

கொடுக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு மச்சான்!